முடிவு யார் கைக்குப் போகும்? மொன்றியலில் எச்.ஐ.வி. பரிசோதனை

எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தேவைப்படுவது ஒரு சிறு குழாய் இரத்தம். சர்க்கரைக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் எடுக்கிற அதே நரம்பு, அதே ஊசி, வலியும் அவ்வளவுதான். ஆனாலும் சர்க்கரை பார்க்கப் போவதை வேலையிடத்தில் வாய்விட்டுச் சொல்கிறவர்கள், இதற்குப் போவதைக் கட்டிய துணையிடம்கூடச் சொல்லத் தயங்குவார்கள். போகாமலே இருந்துவிடுகிறவர்களும் ஏராளம். கனடாவில் 2022 இறுதியில் ஏறத்தாழ 65,000 பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள் என்று அந்நாட்டின் பொதுச் சுகாதார முகமை மதிப்பிட்டது. அவர்களில் பத்தில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது. பரிசோதனைக்குக் காசு கேட்காத நாட்டில் இந்த நிலை.

விழிப்புணர்வு போதாது என்ற விடை இதற்கு எப்போதும் தயாராக இருக்கிறது. அது பாதி உண்மைதான். மொன்றியல் நகரத்தின் நாற்பதாண்டு அனுபவத்தைப் புரட்டினால், வைரஸைப் பற்றி மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட வேறொரு கேள்வியே அவர்கள் காலை முன்வைக்கவும் பின்வைக்கவும் செய்திருப்பது தெரிகிறது. முடிவு யார் கைக்குப் போகும்? அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த ஊரில் பரிசோதனை வருவதற்கு முன்பே முத்திரை வந்துவிட்டது. எய்ட்ஸ் என்று பின்னால் பெயரிடப்பட்ட நோய் 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1982இல் கனடாவில் தென்பட்டது. இரத்தத்தில் அதைக் கண்டறியும் சோதனை 1985இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயை அடையாளம் காண வழி இல்லாததால் ஆட்களை அடையாளம் கண்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1983இல் ஆபத்து மிகுந்தவர்கள் என்று குறித்தவர்களில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள், ஹெரோயின் ஊசி போடுவோர், இரத்தம் உறையாமை நோயாளர் ஆகியோரோடு ஹெய்ட்டி நாட்டவரும் இருந்தார்கள். முதல் மூன்றும் ஒருவர் செய்வதையோ அவர் உடலில் உள்ளதையோ பற்றியவை. நான்காவது ஒரு பாஸ்போர்ட். அதே ஆண்டு கனடாச் செஞ்சிலுவைச் சங்கமும் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள் இரத்ததானம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

கனடாவிலேயே ஹெய்ட்டியர் மிகுதியாக வாழும் நகரம் மொன்றியல். ஹெய்ட்டியின் துவாலியே சர்வாதிகார ஆட்சிக்குத் தப்பி 1960களில் வந்த ஆசிரியர்களும் மருத்துவர்களும் தாதியரும், பின்னர் வந்த தொழிலாளரும் சேர்ந்து எழுப்பிய சமூகம் அது. ஓர் அறிவிப்பில் அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். 1985இல் அமெரிக்க மையம் ஹெய்ட்டியரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. பட்டியலிலிருந்து எடுப்பது எளிது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் மனத்திலிருந்து எடுப்பது அப்படியல்ல. இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனையிலிருந்து யாராவது வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால், ஒரு ஹெய்ட்டியர் முதலில் கேட்பது தன் உடல்நலம் பற்றியதாக இருக்காது. தன்னை எந்தக் கணக்கில் எழுதப்போகிறார்கள் என்பதாகவே இருக்கும். அச்சமூகத்தின் தாதியரும் மருத்துவர்களும் இதைப் புரிந்துகொண்டு கிரியோல் மொழியில் தாங்களே பேச ஆரம்பித்தார்கள். அப்படி 1987இல் தொடங்கிய கப்-வி என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது.

கியூபெக்கில் பிறந்த விமானப் பணியாளர் கெய்தான் துகாவின் கதையும் இதே வகைதான். 1984இல் இறந்த அவரை, மூன்றாண்டுகள் கழித்து வந்த ஒரு புத்தகம் வட அமெரிக்காவுக்கு எய்ட்ஸைக் கொண்டுவந்த ‘பூஜ்ய நோயாளி’ என்று உலகறியச் செய்தது. கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதைக் குறிக்க ஆய்வாளர்கள் இட்ட ‘ஓ’ என்ற எழுத்தைப் பூஜ்யம் என்று வாசித்ததில் தொடங்கிய பிழை அது. 2016இல் வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவருக்கு முன்பே 1970களில் வைரஸ் அமெரிக்காவில் பரவியிருந்ததை நிறுவினார்கள். ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்து, தன்னோடு உறவு கொண்டவர்களின் பெயர்களைத் தந்து உதவியவருக்குக் கிடைத்த பரிசு முப்பதாண்டு அவப்பெயர். இதைப் படித்த தலைமுறை பெயர் கொடுக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

சோதனை வந்த பின்னும் நிலைமை உடனே மாறவில்லை. 1985 நவம்பர் முதல் கனடாவில் தானமாகக் கிடைக்கும் இரத்தம் முழுவதும் சோதிக்கப்பட்டது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரத்தம் ஏற்றியதால் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்த அவலத்தை விசாரித்த கிறீவர் ஆணைக்குழுவின் அறிக்கை 1997இல் வெளியானபோது செஞ்சிலுவைச் சங்கம் இரத்தச் சேவையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தது. இரத்தப் பைக்குச் சோதனையால் நன்மை இருந்தது. தனி ஆளுக்கு என்ன நன்மை? தொற்று உண்டு என்று தெரிந்தால் கொடுக்க மருந்து இல்லை. 1987இல் வந்த ஏ.இசட்.டி. சில மாதங்களைக் கூட்டியது, அவ்வளவே. வேலை போகலாம், வீட்டுக்காரர் வெளியேற்றலாம், காப்புறுதி மறுக்கப்படலாம். அன்றைய நாளில் பரிசோதனை வேண்டாம் என்று தன் ஆட்களுக்கு அறிவுரை சொன்ன தன்பால் ஈர்ப்பாளர் அமைப்புகள் வட அமெரிக்காவில் இருந்தன. அதை மூடத்தனம் என்று சொல்ல முடியாது. கைக்குக் கிடைத்த தகவல்களை வைத்துப் போட்ட சரியான கணக்கு அது.

1989 ஜூனில் ஐந்தாவது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு மொன்றியலின் பலே தெ கொங்கிரேயில் நடந்தது. பிரதமர் பிரையன் மல்ரூனி பேசுவதற்கு முன்பே நியூயோர்க், டொரொண்டோ, மொன்றியல் ஆர்வலர்கள் மேடையில் ஏறிவிட்டார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சார்பில் மாநாட்டைத் தொடங்கிவைப்பதாக அவர்களில் ஒருவர் அறிவித்தார். அன்று அவர்கள் விநியோகித்த ‘மொன்றியல் அறிக்கை’ கட்டாயப் பரிசோதனையை எதிர்த்தது; பெயர் சொல்லாமல் செய்துகொள்ளும் பரிசோதனையும், அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றது.

கியூபெக் மாகாணம் பெருமளவு அந்த வழியில் போனது. இங்கே எச்.ஐ.வி. தொற்று, இரத்தமோ உறுப்போ கொடுத்தவர் அல்லது பெற்றவர் என்ற நிலையைத் தவிர, பெயரோடு பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்படுவதில்லை. 2002இல் தொடங்கிய கண்காணிப்புக் கணக்கும் பெயரில்லாமலே எடுக்கப்படுகிறது. சே.எல்.எஸ்.சே. எனப்படும் வட்டார நலநிலையங்களில் இயங்கும் சிதெப் சேவையில் இலவசமாகச் சோதிக்கலாம். சில இடங்களில் பெயருக்குப் பதில் ஓர் எண்ணை மட்டும் கொடுத்தாலே போதும். பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமலே மருத்துவத்துக்குச் சம்மதம் கொடுக்கலாம் என்கிறது கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் பதினான்காம் பிரிவு. நம் பெற்றோர் பலருக்கு இந்தச் செய்தி அதிர்ச்சியாக இருக்கும். சட்டம் வகுத்தவர்கள் அந்த அதிர்ச்சியை எண்ணித்தான் அப்படி வகுத்தார்கள்.

கணக்கை உண்மையில் புரட்டிப்போட்டது மருந்து. 3டி.சி. என்ற லாமிவுடின் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்பதைக் கண்டறிந்த பணி மொன்றியலைச் சேர்ந்தது. பேர்னார் பெலோ உருவாக்கிய சேர்மத்தை யூதப் பொது மருத்துவமனையின் மார்க் வெயின்பர்க் 1989இல் சோதித்தார். 1996இல் வான்கூவரில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையின் பலன் வெளியானது. லாமிவுடின் அந்தக் கூட்டில் ஒன்று. அதன் பிறகு தொற்றை முன்கூட்டியே அறிவது ஆயுளைக் கூட்டும் காரியமாயிற்று. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முன்பே தெளிவாகிவிட்டது: மருந்து இல்லாமல் நாலில் ஒரு குழந்தைக்குத் தொற்று போகும் என்றிருந்ததை, ஏ.இசட்.டி. பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்ததை 1994இல் ஓர் ஆய்வு காட்டியது. 1997 முதல் கியூபெக்கில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை முன்வைக்கப்படுகிறது. தமிழ்ப் பெண்களும் மற்றப் பெண்களைப் போலவே இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எல்லோரிடமும் கேட்கும்போது, ‘என்னிடம் மட்டும் ஏன் கேட்டார்கள்?’ என்ற கேள்வி எழுவதில்லை. இலங்கையும் இதே பாதையில் சென்றுதான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றை 2019இல் பெற்றது.

ஆனால் பழைய அச்சம் சாம்பலுக்குள் கிடந்த தணல்தான். 2004 ஜனவரியில் அது வெளிப்பட்டது. மொன்றியலின் செந்த்-ஜூஸ்தின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றி முந்தின ஆண்டு இறந்த ஓர் அறுவை மருத்துவருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்து, 1990 முதல் 2003 வரை அவரிடம் சிகிச்சை பெற்ற 2,600க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்தார்கள். நகரமே கலங்கியது. சோதித்ததில் ஒரு பிள்ளைக்கும் தொற்று இல்லை. அறுவை மருத்துவரிடமிருந்து நோயாளிக்குப் பரவுவது மிக மிக அரிது என்பதை வல்லுநர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்கிற மனநிலையில் யார் இருந்தார்கள்? எச்.ஐ.வி. உள்ள மருத்துவர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தன் நிலையை மருத்துவமனைக்குச் சொல்ல முன்வருவாரா என்பது, அன்று அதிகம் பேர் கேட்காத கேள்வி.

குடிவரவுப் பரிசோதனையும் மனப்பான்மையைச் செதுக்கிய ஒன்று. 2002 ஜனவரி முதல், நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும் பதினைந்து வயது நிரம்பிய எல்லோருக்கும் கனடா எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாக்கியது. தொற்று இருந்தாலே கதவடைப்பு என்பதில்லை. அகதிகளுக்கும், கணவன் மனைவி பிள்ளைகள் என்று குடும்ப வகையில் வருவோருக்கும் ‘மருத்துவச் செலவு மிகும்’ என்ற தடை பொருந்தாது. மற்றவர்களுக்கான செலவு வரம்பும் 2018இல் மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. ஆனால் விண்ணப்பதாரருக்கு இந்த நுணுக்கங்கள் எட்டுவதில்லை. அவருக்குப் பதிந்தது ஒன்றுதான்: இரத்தத்தின் முடிவு நேரே அரசாங்கத்திடம் போகும், போய் நம்மைத் திருப்பி அனுப்பும். இந்த எண்ணத்தோடு வந்திறங்கியவரிடம், வட்டார நலநிலையத்தில் எடுக்கும் இரத்தம் குடிவரவு அதிகாரிக்குப் போகாது என்று யாராவது ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. இதன் மறுபக்கமும் கெடுதலே. வரும்போது சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், ஆகவே காலத்துக்கும் ஒன்றுமில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. தொற்று இருப்பதைச் சொல்லாமல் உறவு கொள்வது கடுமையான பாலியல் தாக்குதல் என்ற குற்றமாகலாம். அதற்கு ஆயுள்வரை சிறை. 1998இல் தொடங்கிய இந்த வழக்குப் போக்கை 2012 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது: வைரஸ் அளவு குறைவாக இருந்து, ஆணுறையும் அணிந்திருந்தால்தான் சொல்லாமலிருந்தது குற்றமாகாது என்றது அத்தீர்ப்பு. அறியாதவருக்கு வழக்கில்லை, அறிந்தவருக்கே வழக்கு. அப்படியானால் அறியாமலே இருப்பது பாதுகாப்பு என்று ஒருவர் நினைத்தால், அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தது நீதிமன்றமே.

இந்தப் பின்னணியில் மொன்றியல் தமிழரை வைத்துப் பார்க்கலாம். 1983க்குப் பின் அகதிகளாக வந்து பார்க்-எக்ஸ்தென்சியோன், கோத்-தெ-நேஜ் முதலிய பகுதிகளில் குடியேறி, பிறகு மேற்குப் புறநகர்களில் வீடு வாங்கிப் பரவியவர்கள் இவர்கள். டொரொண்டோவோடு ஒப்பிட்டால் சிறிய சமூகம். டொலார்-தெ-ஓர்மோ முருகன் கோயில் திருவிழாவில் ஒரு சுற்று வந்தால் தெரிந்த முகங்கள் பாதி தென்பட்டுவிடும். அந்த நெருக்கம்தான் வேலை தேடித்தரும், சீட்டுப் பிடித்துக் கொடுக்கும், செத்த வீட்டுக்குச் சமைத்துப் போடும். அதே நெருக்கம்தான் கிளினிக் வாசலில் கால் வைக்கவிடாமல் பிடித்திழுக்கும். “நாலு சனம் என்ன கதைக்கும்” என்பதற்கு இங்கே கற்பனை தேவையில்லை. அந்த நாலு பேரின் பெயரும் தெரியும்.

தமிழ் பேசும் மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ இருப்பது முதியவர்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் இந்த ஒரு சோதனைக்கு மட்டும் அதுவே தடை. அவர் மனைவியும் நம் மனைவியும் ஒரே இடத்தில் நடனம் பயிலும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களாக இருப்பார்கள். மருத்துவர் வாய்திறந்தால் அவர் உரிமமே போகும் என்பது உண்மைதான். அச்சம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அடங்குவதில்லை. பிரெஞ்சு சரியாக வராதவர் மொழிபெயர்ப்பாளரை நாடவேண்டும், அவரும் நம் ஆளாகத்தான் இருப்பார். பலர் தம் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பதின்வயது மகளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எந்தத் தாய் பாலுறவைப் பற்றி வாய்திறப்பாள்?

“எங்கட ஆக்களுக்கு உது வராது” என்ற நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. இலங்கையில் முதல் நபர் 1987இல் கண்டறியப்பட்ட நாள்முதல் இன்றுவரை தொற்று விகிதம் மிகக் குறைவு. வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் வாழ்வது மொன்றியலில். கனடாவில் புதிதாகத் தொற்றுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண் பெண் உறவினால் பெறுகிறவர்.

தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த படிமம் வேறு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். இரத்தம் எடுக்கப்பட்டது அரசு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம். கண்டுபிடிப்பு பெரியது. ஆனால் தேடிய இடம் எதுவோ நோய்க்குரிய இடமும் அதுவே என்று பொதுமனம் முடிவு கட்டிவிட்டது, ஹெய்ட்டியருக்கு நேர்ந்தது போலவே. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் எல்லாம், ‘புள்ளிராஜா’ என்ற கற்பனை ஆளுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம் எய்ட்ஸை ஊரறிந்த பேச்சாக்கியது. அதே வீச்சில் கேலிப்பெயராகவும் ஆக்கியது. சோதனைக்குப் போகிறவன் புள்ளிராஜா என்றால் யார் போவார்கள்? அரசு மருத்துவமனைகளில் சோதனை நிலையத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தது அதைவிட நல்ல யோசனை.

மணமான பெண்ணின் நிலை எல்லாவற்றிலும் சிக்கலானது. அவள் சோதனை கேட்டால் கணவனைச் சந்தேகிக்கிறாள் என்று பொருள். கணவன் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று பொருள். கர்ப்பகாலத்தில் மட்டும் இந்தச் சிக்கல் அவிழ்கிறது, கேட்பது மருத்துவர் என்பதால். ஐம்பது வயதுக்கு மேல் அந்த வாய்ப்பும் இல்லை. மருத்துவரும் நல்ல குடும்பத்து மனிதர் என்று நினைத்துக் கேட்காமல் விடுகிறார். தம்மைக் கேட்கவில்லையே, தேவையில்லை போலும் என்று நோயாளி நினைக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் காட்டும் இந்த மரியாதையில்தான் நோய் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கிறது.

தடைகளை ஆராய்ந்தவர்கள் வழியையும் மாற்றினார்கள். 2009இல் மொன்றியலின் தன்பால் ஈர்ப்பாளர் வட்டாரமான வில்லாஜில் ஸ்பொட் என்ற ஆய்வுத் திட்டம் ஒரு சாதாரணக் கடைவாசலில் தொடங்கியது. மருத்துவமனை வாடை இல்லை, பெயர் கேட்கவில்லை, சில நிமிடங்களில் முடிவு. வருகிறவர்களைப் போன்ற ஆட்களே ஆலோசனையும் சொன்னார்கள். 2020 நவம்பரில் வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனைக்குக் கனடாச் சுகாதாரத் துறை முதன்முதலாக அனுமதி அளித்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு. ஒரு நிமிடத்தில் விடை. கோயில் தெருவில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற கவலைக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. மொன்றியலில் 2022இல் மறுபடியும் நடந்த சர்வதேச மாநாட்டின்போது, சோதனையைப் பரவலாக்க மத்திய அரசு 17.9 மில்லியன் டொலரை அறிவித்தது. அதே மாநாட்டுக்கு வரவிருந்த ஆப்பிரிக்க, ஆசியப் பிரதிநிதிகள் பலருக்குக் கனடா விசா மறுத்தது. புலம்பெயர்ந்த சமூகங்கள் இரண்டு செய்திகளையும் சேர்த்தேதான் வாசித்தன.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இன்னும் பலர் காதில் விழாதது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உறவினால் தொற்று பரவாது. 2011 முதல் 2019 வரை வந்த பெரிய ஆய்வுகள் இதை ஐயமற நிறுவிவிட்டன. தொற்றுள்ளவர் மணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், முதுமை காணலாம். 1985இல் போட்ட கணக்குக்கு அடிப்படையாயிருந்த எந்த எண்ணும் இன்று அப்படியே இல்லை. காலாவதியான அந்தக் கணக்கைத்தான் தமிழ் வீடுகளில் இன்னும் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

நடைமுறை விவரங்கள் சில. மருத்துவமனை ஆய்வகச் சோதனை, தொற்று நேர்ந்து ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுயபரிசோதனைக்கு மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். சுயபரிசோதனையில் தொற்று உண்டு என்று வந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்தாக வேண்டும், அதற்கு முன் எந்த முடிவும் எடுக்கலாகாது. ஆயுள் காப்புறுதிக்காக நிறுவனம் கேட்கும் இரத்தச் சோதனை வேறு, அதன் முடிவு நிறுவனத்துக்குப் போகும். வட்டார நலநிலையத்தில் செய்வது அப்படிப் போவதில்லை. மாகாண மருத்துவ அட்டை இல்லாத குடிவரவாளர்களுக்காக மொன்றியலில் உலக மருத்துவர்கள் அமைப்பு தனிக் கிளினிக் நடத்துகிறது. அருகிலுள்ள சேவையை அறிய 811 என்ற எண்ணை அழைக்கலாம். தெரிந்த முகத்துக்கு அஞ்சுகிறவர் பக்கத்து வட்டாரத்து நிலையத்துக்குப் போகலாம். தன் தெருவில்தான் சோதிக்க வேண்டும் என்று விதி இல்லை. யாருக்கும் காரணம் சொல்லத் தேவையும் இல்லை. ஆண்டுக்கொருமுறை சர்க்கரைக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் சீட்டு எழுதும்போது, “இதையும் சேர்த்து எழுதுங்கோ டொக்டர்” என்று சொல்லிவிடுங்கள்.